பிடி-76 மாடல்: முதலில் படகு, அப்புறம்தான் டாங்கி

கேள்வி இதுதான். 1:35 அளவில், அதாவது நிஜத்தில் 35இல் ஒரு பங்காக, பிடி-76 என்ற சோவியத் நீந்தும் டாங்கியின் பிளாஸ்டிக் கிட் ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. இதற்கு முன் சாதாரண டாங்கி மாடல்கள் இரண்டு மூன்று செய்திருக்கிறீர்கள். இதை ஆற்றைக் கடக்கிற கோலத்தில் செய்ய ஆசை. கூடவே, "நிஜமாகவே தண்ணீரில் மிதக்குமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மிதக்கும். ஆனால் மிதக்கிற மாடலையும் அலமாரியில் வைத்து அழகு பார்க்கிற மாடலையும் ஒரே கிட்டில் செய்துவிடலாம் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். தொட்டியில் போட்டு எடுக்கிற மாடலில் மெல்லிய கம்பிகள், கொக்கிகள், மண் பவுடர் பூச்சு எதுவும் இரண்டாவது குளியலைத் தாங்காது. நான் இரண்டு விதமாகவும் செய்திருக்கிறேன், தனித்தனியாகவே சொல்கிறேன். இரண்டுக்கும் தொடக்கம் மட்டும் ஒன்று. பெட்டியைத் திறந்ததும் சக்கரத்தையோ பீரங்கிக் குழலையோ எடுக்காதீர்கள். தண்ணீர் எதுவரை ஏறும் என்று பார்த்து, ஹல்லின் (டாங்கியின் உடற்பெட்டி) பக்கவாட்டில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பின்னால் எடுக்கப்போகும் முடிவுகளில் பாதி அந்தக் கோட்டில் இருந்துதான் வரும்.

அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று தெரிய, நிஜ வண்டியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். டாங்கியைத் தண்ணீரில் மிதக்க வைக்க மூன்று வழிகள் முயன்று பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஷெர்மன் டாங்கியைச் சுற்றி கேன்வாஸ் திரையை எழுப்பி, பின்னால் இரண்டு புரொபெல்லர் வைத்து மிதக்கவிட்டார்கள். அமைதியான தண்ணீரில் சரி. 1944 ஜூன் 6 அன்று ஓமஹா கடற்கரைக்கு முன்னால் அலை பெரிதாக இருந்தது. 741ஆம் டாங்கி பட்டாலியன் கடலில் இறக்கிய 29 டாங்கிகளில் 27 மூழ்கிப்போயின. ஜப்பானியக் கடற்படையின் கா-மி டாங்கி வேறு வழியில் போனது. முன்னும் பின்னும் மிதவைகளைப் பூட்டி நீந்தி வந்து, கரையேறியதும் அவற்றைக் கழற்றி விட்டுவிடும். சோவியத் யூனியன் 1951இல் ஏற்றுக்கொண்ட பிடி-76இல் இந்த ஒட்டுவேலை எதுவும் கிடையாது. ஹல்லே படகு. எடை சுமார் 14 டன், ஹல்லின் நீளம் 6.91 மீட்டர். அதே காலத்துச் சாதாரண சோவியத் டாங்கியான டி-54இன் ஹல் இதைவிடக் குட்டை, எடையோ 36 டன். இவ்வளவு பெரிய பெட்டியை இவ்வளவு லேசாக வைக்கக் கொடுத்த விலை கவசம். கனரக இயந்திரத் துப்பாக்கியே துளைக்கிற அளவுக்கு இரும்பு மெல்லியது.

இப்போது கணக்கு. நீளம் 35இல் ஒரு பங்கானால் கன அளவு 35 × 35 × 35, அதாவது 42,875இல் ஒரு பங்கு ஆகும். எடையும் அப்படியே குறைய வேண்டும். 14,000 கிலோவை 42,875ஆல் வகுத்தால் ஏறக்குறைய 327 கிராம் வருகிறது. மாடலின் மொத்த எடை அந்த 327 கிராமாக இருந்தால்தான் அது நிஜ டாங்கி உட்காரும் ஆழத்தில் உட்காரும். வெறும் பிளாஸ்டிக்கை அப்படியே தண்ணீரில் விட்டால் தக்கைபோல மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். பார்க்கவே சிரிப்பு வரும்.

ஆகவே முதல் வேலை இது. ஹல்லின் மேல்பாதியையும் கீழ்பாதியையும் ஒட்டாமல் டேப்பால் சுற்றுங்கள். அச்சுத் துளைகள் எல்லாவற்றையும் டேப்பால் மூடுங்கள். டரட்டையும் (பீரங்கியோடு சுழலும் மேல்கூண்டு) மேலே வையுங்கள். சமையலறைத் தராசில் நிறுத்து, 327 கிராமுக்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு எடையை உள்ளே அடியில் வைத்து, ஒரு அகலமான பாத்திரத்தில் மிதக்க விடுங்கள். தண்ணீர் நிற்கிற இடத்தில் பென்சில் கோடு. சக்கரமும் டிராக்கும் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) இல்லாமல் செய்தால் மாடல் சற்று ஆழமாக உட்காரும், ஏனென்றால் அவையும் தங்கள் பங்குக்குத் தண்ணீரை விலக்குபவை. பிடி-76இன் ரோடு வீல்களை, அதாவது வண்டியின் பாரத்தைத் தாங்கி உருளும் சக்கரங்களை, உள்ளே கூடாக வைத்ததே மிதப்புக்கு உதவட்டும் என்றுதான். முடிந்தால் அவற்றையும் ரப்பர் பேண்டால் கட்டிவிட்டுப் பாருங்கள். காட்சிக்கு மட்டும் செய்கிறவர்களும் இந்தக் குளியலைத் தவிர்க்க வேண்டாம். புகைப்படத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகக் கோடு போட்டவர்களின் மாடல்கள் பெரும்பாலும் அளவுக்கு மேல் மிதக்கின்றன. நிஜத்தில் மேல்தளத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். டிராக் முழுவதும் தண்ணீருக்குள் போய்விடும்.

மிதக்கிற மாடலை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் நுணுக்கம் குறைவு. ஹல்லில் உள்ள ஒவ்வொரு துளைக்கும் பின்னால் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டுத் துண்டு வைத்து, நீர்போல ஓடும் பிளாஸ்டிக் சிமென்டால் ஒட்டுங்கள். இடுக்கு அடைக்கும் புட்டிப் பசையை மட்டும் நம்ப வேண்டாம், அது விரிசல் விடும். மேல்–கீழ் இணைப்பில் உள்பக்கமாக ஒரு பூச்சு எபாக்சி பசை. டரட் வளையத்தைத் திறந்தே விடாமல், அடியில் ஒரு தகடு வைத்து அடைத்துவிடுங்கள். டரட் சுற்றாது, பரவாயில்லை.

எடைக்கு ஈயக்குண்டோ இரும்புக்குண்டோ போடலாம், ஆனால் ஒட்டிவிட வேண்டும். நான் முதல்முறை குண்டுகளைப் பஞ்சில் சுற்றி உள்ளே வைத்து மூடிவிட்டேன். தண்ணீரில் விட்டதும் அழகாக நின்றது. விரலால் ஒரு தட்டு தட்டினேன். குண்டுகள் ஒரே பக்கமாக உருண்டன, டாங்கி குப்புறக் கவிழ்ந்து வயிற்றைக் காட்டியது. பாரம் ஒரு பக்கம் சரிந்தால் அது மேலும் சரியும், சரிந்தால் பாரம் இன்னும் ஓடும். கப்பல்களில் சரக்கைக் கட்டி வைப்பதும் இதற்காகத்தான். பாரத்தை அடித்தளத்தில், நடுக்கோட்டின் இரு பக்கமும் சமமாகப் பரப்பி, எபாக்சியில் புதைத்துவிடுங்கள். இன்னொரு வழியும் உண்டு. உலோக டிராக் தனியாகக் கிடைக்கிறது. அதைப் பூட்டினால் வேண்டிய எடையில் ஒரு பகுதி அடியிலேயே, இருக்க வேண்டிய இடத்திலேயே சேர்ந்துவிடும். உலோகக் குழல் மட்டும் வேண்டாம், அது பாரத்தை மேலே ஏற்றி மூக்கையும் இழுக்கும்.

மோட்டார் வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். எம்113, பிஎம்பி-1 போன்ற கவச வண்டிகள் டிராக்கைச் சுழற்றியே நீந்துபவை. பிடி-76க்கு ஹல்லின் அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் வாட்டர் ஜெட் இரண்டு உண்டு. ஆகவே டிராக்கைச் சுழற்றும் மோட்டாரை வைத்தால் நிஜத்துக்குப் பொருந்தாது. சின்ன பம்பு ஒன்றை வைத்துப் பின்பக்கத் துளைகள் வழியாகத் தண்ணீரைத் தள்ளுவதே சரி. நிஜ வண்டி தண்ணீரில் மணிக்கு சுமார் 10 கிலோமீட்டர் போகும். மாடல் அதே மாதிரி அலை எழுப்பி ஓட வேண்டுமானால் வேகத்தை 35ஆல் வகுக்கக் கூடாது, 35இன் வர்க்கமூலத்தால், அதாவது ஏறக்குறைய 6ஆல் வகுக்க வேண்டும். நொடிக்கு அரை மீட்டர் வருகிறது. பம்பை அதற்குமேல் முடுக்கினால் டாங்கி விசைப்படகு மாதிரி தெரியும். 1:35 என்ற அளவே மோட்டாரால் வந்தது என்பது இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. 1960களின் தொடக்கத்தில் தமியா நிறுவனம் பாந்தர் டாங்கி கிட் செய்தபோது, பேட்டரியும் மோட்டாரும் உள்ளே அடங்கும்படி அளவை வைத்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் 35இல் ஒரு பங்கு. அதுவே உலகம் முழுக்க வழக்கமாகிவிட்டது.

சரி, காட்சிக்கான மாடலுக்கு வருவோம். இங்கேதான் வேலை இருக்கிறது.

எந்தக் கணத்தைக் காட்டப் போகிறீர்கள்? தண்ணீரில் இறங்கும்போது, நடு ஆற்றில், கரையேறும்போது என மூன்று நிலைகள். மூன்றுக்கும் பாகங்கள் வேறு, பெயின்ட் வேறு. நீந்துவதற்கு முன் முன்பக்கச் சாய்தளத்தில் படுத்திருக்கும் அலைத்தடுப்புப் பலகையை நிமிர்த்துவார்கள். அது நிமிர்ந்தால் ஓட்டுநருக்கு எதிரே ஒன்றும் தெரியாது. அதனால் அவருடைய நடு பெரிஸ்கோப் மட்டும் உயரமாக எழும்பும். கிட்டில் பலகை நிமிர்ந்திருக்க, பெரிஸ்கோப் தாழ்ந்தே இருக்கும் மாடல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குறிப்புத்தாள் இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் போட்டுவிடுவதால் வருகிற பிழை இது. நீந்தும்போது ஓட்டுநரின் மூடியும் மூடியே இருக்க வேண்டும். டரட்டின் மேல்மூடி பெரியது, முன்பக்கமாகத் திறப்பது. அதைத் திறந்து வைத்து ஆள் பொம்மை நிறுத்தலாம். உள்ளே ஓட்டுநரைத் தவிர இருப்பவர்கள் இரண்டே பேர், தளபதியும் குண்டு நிரப்புபவரும். தளபதியே குறிபார்த்துச் சுடுபவரும். மூன்று பொம்மைகளை டரட்டில் அடைத்துவிடாதீர்கள்.

பின்பக்கத்தையும் கவனியுங்கள். ஜெட் வெளியேறும் இரண்டு வாய்களுக்கும் மூடிகள் உண்டு. இடது மூடியை அடைத்தால் வண்டி இடதுபக்கம் திரும்பும், வலதை அடைத்தால் வலதுபக்கம். வண்டி நேராகப் போவதாகக் காட்டினால் இரண்டும் திறந்திருக்க வேண்டும். ஒன்றை மூடி வைத்து, தண்ணீரில் ஒரு பக்கம் மட்டும் நுரை காட்டி, வளைந்து போகும் தடத்தையும் செய்தால் விஷயம் தெரிந்தவர்கள் நின்று பார்ப்பார்கள்.

அடுத்து சக்கரங்கள். பிடி-76க்குப் பக்கத்துக்கு ஆறு ரோடு வீல்கள். டிராக்கைத் தாங்கும் மேல் உருளைகள் கிடையாது, டிராக் நேரே சக்கரங்களின் தலையில் படியும். தரையில் நிற்கும்போது 14 டன்னும் டார்ஷன் பார்களை (ஸ்பிரிங்போல வேலை செய்யும் இரும்புத் தண்டுகள்) முறுக்கிச் சக்கரங்களை மேலே தள்ளி வைத்திருக்கும். தண்ணீரில் அந்தப் பாரத்தை நீரே வாங்கிக்கொள்கிறது, முறுக்கு தளர்ந்து சக்கரங்கள் எல்லாம் கீழே தொங்கும். தெளிந்த தண்ணீர் செய்யப் போகிறீர்கள் என்றால் சக்கரக் கைகளில் உள்ள பொருத்துமுனையை வெட்டிவிட்டு, ஆறையும் ஒரே கோணத்தில் தாழ்த்தி ஒட்டுங்கள். ஒரு மரச்சட்டத்தைக் குறுக்கே வைத்து ஒட்டினால் கோணம் பிசகாது. கலங்கிய தண்ணீர் என்றால் இந்த வேலையே வேண்டாம். கோட்டுக்குக் கீழே எதுவும் தெரியப் போவதில்லை, சக்கரங்களைப் பூட்டாமல்கூட விட்டுவிடலாம். இதைச் சோம்பேறித்தனம் என்று சிலர் சொல்வார்கள். பெரிய ஆறுகள் பெரும்பாலும் வண்டல் கலந்து பழுப்பாகத்தான் ஓடுகின்றன. கண்ணாடி மாதிரித் தண்ணீரில் நீந்தும் டாங்கிதான் எனக்குப் பொய்யாகத் தெரிகிறது.

எந்தப் படையின் வண்டி என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். இந்தியப் படை என்றால் 1971 நினைவுக்கு வரும். அந்த ஆண்டு நவம்பர் 21 அன்று, அன்றைய கிழக்கு பாகிஸ்தான் எல்லைக்குள் கரிப்பூரில், 45ஆம் கேவல்ரி என்ற இந்திய டாங்கிப் படைப்பிரிவின் பிடி-76கள் பாகிஸ்தானின் சாஃபி டாங்கிகளை எதிர்கொண்டன. அது பனிமூட்டத்தில் நடந்த தரைச் சண்டை. அதைச் செய்வதானால் தண்ணீரே வேண்டாம், அலைத்தடுப்பு படுத்துக் கிடக்க வேண்டும். 1968 பிப்ரவரியில் வியட்நாமில் லாங் வெய் முகாமைத் தாக்கியதும், 1969 மார்ச்சில் பென் ஹெட்டில் அமெரிக்க எம்48 டாங்கிகளோடு மோதியதும் தரையில்தான். பிடி என்பதற்கு நீந்தும் டாங்கி என்றுதான் பொருள், பேர் வாங்கிய சண்டைகளோ பெரும்பாலும் மண்ணில். ஆற்றைக் கடக்கும் காட்சிக்குக் குறிப்பிட்ட சண்டை ஒன்றைச் சொல்லாமல் பொதுவாக விட்டால் யாரும் வந்து தப்பு சொல்ல முடியாது.

பெயின்டில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, பச்சைதான். கறை படிய வைப்பதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். நீரில் போகும் வண்டி என்றதும் கோட்டுக்குக் கீழே பாசியும் பச்சைப் படலமும் பூசுகிறார்கள். அது மாதக்கணக்கில் தண்ணீரில் கிடக்கும் கப்பலுக்கு. டாங்கி சில நிமிடங்கள் நீந்திவிட்டு ஏறிவிடும். நடக்கிறதே வேறு: நனைந்த இடத்தில் தூசி கழுவிக்கொண்டு போய்விடும், பெயின்ட் இரண்டு படி கருத்து மினுங்கும். கோட்டுக்கு மேலே பழைய தூசி வெளுத்து அப்படியே இருக்கும். ஆகவே முழு வண்டிக்கும் முதலில் மேட் வார்னிஷ், தூசி எல்லாம் முடித்துவிடுங்கள். பிறகு கோட்டுக்குக் கீழே, கருப்பும் பழுப்பும் கலந்த மிக நீர்த்த பூச்சு ஒன்று, அதன்மேல் கிளாஸ் வார்னிஷ். இந்த மினுக்கம் கோட்டில் கத்தி வெட்டியதுபோல நிற்கக் கூடாது. நுனியை ஈரத் தூரிகையால் இழுத்து, அலை அடித்து நனைந்த இடங்களாக மேலே இங்கொன்றும் அங்கொன்றும் ஏற்றிவிடுங்கள். கரையேறும் காட்சி என்றால் மேலே தூசி, நடுவே ஈரம், கீழே டிராக்கில் புதுச் சேறு என்று மூன்று அடுக்கு. மட்கார்டின் ஓரங்களில் இருந்து நேராகக் கீழே வழியும் நீர்க்கோடுகளையும் மறக்க வேண்டாம்.

தண்ணீர் செய்வதற்கு இரண்டு பொருள்கள் போதும்: இரண்டு பாகம் கலந்து ஊற்றும் தெளிந்த எபாக்சி ரெசின், கெட்டியான அக்ரிலிக் ஜெல். ரெசின் மட்டத்துக்கு, ஜெல் அலைக்கு. கலங்கிய ஆற்றுக்கு ரெசின் ஆழமே தேவையில்லை. ஃபோம் பலகையில் ஹல்லின் உருவத்தில் பள்ளம் வெட்டி, டாங்கியைப் பென்சில் கோடு வரை இறக்கி, பலகைக்குப் பழுப்பும் பச்சையும் கலந்து பெயின்ட் அடித்து, மேலே ரெசினை மெல்லியதாக ஒரு அடுக்கு ஊற்றினால் ஆழம் தானாகத் தெரியும். பலகையைப் பெயின்டால் நன்றாக மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் துளைகளில் இருந்து குமிழி கிளம்பிக்கொண்டே இருக்கும். ஆழமாக ஊற்றியே ஆக வேண்டும் என்றால் ஒரு நேரத்தில் சில மில்லிமீட்டர்தான், ஒரு நாள் காயவிட்டு அடுத்தது. ரெசின் இறுகும்போது சூடாகும். மொத்தமாக ஊற்றினால் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். ஒரு தடவை அவசரப்பட்டு இரண்டு சென்டிமீட்டர் ஊற்றிவிட்டு அறைக்கு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் மட்கார்டு அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. ரெசின் ஹல்லின் ஓரமாக மேலே ஏறி ஒட்டும் பழக்கமும் உள்ளது. அதை முழுக்கத் தடுக்க முடியாது. அந்த விளிம்பின்மேல் ஜெல்லால் சின்ன அலை வைத்து மறைத்துவிடலாம். ஊற்றும்போது கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம்.

அலையை மனம்போன போக்கில் வைக்காதீர்கள். மணிக்கு 10.2 கிலோமீட்டரில் போகும் எதுவும் ஆழமான தண்ணீரில் எழுப்பும் குறுக்கு அலையின் நீளம் ஐந்து மீட்டருக்குச் சற்று மேல். உங்கள் மாடலில் அது ஏறக்குறைய 147 மில்லிமீட்டர். ஹல் 197 மில்லிமீட்டர். இதை அப்படியே காட்சிக்கு மாற்றுங்கள்: அலைத்தடுப்புப் பலகைக்கு முன்னால் ஒரு மேடு, அங்கிருந்து சுமார் 73 மில்லிமீட்டர் பின்னால் பள்ளம், வால் வருவதற்கு 50 மில்லிமீட்டர் முன்னால் மறுபடி ஒரு மேடு. பள்ளத்தில் தண்ணீர் கோட்டைவிடக் கொஞ்சம் தாழும், மேட்டில் கொஞ்சம் ஏறும். நிறையப் பேர் முன்னால் மட்டும் நுரையைக் குவித்துவிட்டுப் பக்கவாட்டைச் சமமாக விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் வண்டி நின்றுகொண்டிருப்பதுபோலத் தெரிகிறது. பின்னால் V வடிவில் விரியும் இரண்டு அலைக் கைகளும் நடுக்கோட்டில் இருந்து பக்கத்துக்குச் சுமார் 19 அல்லது 20 டிகிரி. வண்டி சின்னதோ பெரிதோ, ஆழமான தண்ணீரில் இந்தக் கோணம் பெரும்பாலும் மாறாது. பாகைமானியை வைத்துப் பலகையில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்த விரிவுக்கு இடம் வேண்டும், அதனால் பலகை டாங்கியைப்போல இரண்டரை மடங்காவது நீளமாக இருக்கட்டும், டாங்கியை நடுவில் வைக்காமல் முன்னால் தள்ளி வையுங்கள்.

ஜெட் நுரைக்கு ஜெல்லை இரண்டு வாய்களில் இருந்தும் தனித்தனிப் பட்டையாக இழுத்து, கொஞ்ச தூரத்தில் ஒன்று சேருங்கள். காய்ந்தபின் மேடுகளின் நுனியில் மட்டும், ஏறக்குறைய காய்ந்த தூரிகையால் வெள்ளையைத் தட்டி எடுங்கள். பஞ்சை நுரையாக ஒட்டாதீர்கள், சில மாதங்களில் தூசி பிடித்து அழுக்குத் துணி மாதிரி ஆகிவிடும். தூய வெள்ளையும் வேண்டாம். பழுப்பு ஆற்றின் நுரை இளமஞ்சள் கலந்துதான் இருக்கும், வெள்ளையில் துளி பழுப்பு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக வேலை வரிசை பற்றி. டாங்கியை முழுதாக முடித்துவிட்டு ரெசினில் இறக்குவதா, இறக்கிவிட்டுப் பெயின்ட் அடிப்பதா என்று குழம்புவீர்கள். கோட்டுக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும், ஈர மினுக்கம் உட்பட, முதலில் முடியுங்கள். மேல்தளத்தின் சின்னச் சின்னப் பாகங்களை ஒட்டாமல் வைத்திருங்கள். கயிறுகள், ஆன்டெனா, இயந்திரத் துப்பாக்கி எல்லாம் ரெசினும் ஜெல்லும் காய்ந்தபிறகுதான். ஜெல் வேலையின்போது கை எப்படியும் ஆன்டெனாவில் இடிக்கும். நான் ஒரே மாடலில் மூன்று தடவை ஒட்டியிருக்கிறேன்.